கேண்டிட் வி6, வி1, வி-வாஷ்: பிறப்புறுப்பு அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் தருபவை எப்படி?

பிறப்புறுப்பில் அரிப்பு என்று கடையில் வாய்விட்டுக் கேட்பது பலருக்குக் கஷ்டம். கவுன்டருக்குப் பின்னால் ஓர் ஆண் நிற்பார், பக்கத்தில் நாலு பேர் காத்திருப்பார்கள். "அண்ணா, அரிப்புக்கு ஒரு க்ரீம் கொடுங்க" என்று தணிந்த குரலில் கேட்டு, எதை எடுத்துத் தருகிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருவதுதான் நடக்கிறது. அப்படிக் கைக்கு வருபவை நாலைந்து வகைதான்: உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை, அதே மருந்து க்ரீமாக, ஃப்ளூகோனசோல் 150 என்ற விழுங்கும் மாத்திரை, வி-வாஷ் போன்ற கழுவும் திரவம், ஸ்டீராய்டு கலந்த கலவை க்ரீம். இவற்றில் முதலாவது உண்மையிலேயே நல்ல மருந்து. கழுவும் திரவம் மருந்தே இல்லை. கலவை க்ரீம் கெடுதல். எது எதற்கு என்று தெரிந்துகொண்டு பெயர் சொல்லிக் கேட்டால் காசும் மிச்சம், அவதியும் குறையும்.

மருந்துக்கு முன்னால் காரணம். குளோட்ரிமசோல் வேலை செய்வது கேண்டிடா போன்ற பூஞ்சைகளின் மேல்தான். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், தங்களுக்கு இருப்பது பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். வெறும் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு வேறு தொற்று, அல்லது கலந்த தொற்று, அல்லது தொற்றே இல்லை. "மருந்து போட்டும் கேட்கலை" என்ற புகாரில் பெரும் பங்கு இங்கிருந்துதான் வருகிறது. மருந்தின் மேல் தப்பில்லை, வாங்கியதுதான் பொருத்தமில்லை.

ஒரு கைக்கண்ணாடியை வைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பூஞ்சை என்றால் வெளி உதடுகளும் உள் உதடுகளும் சிவந்து லேசாக வீங்கியிருக்கும். மடிப்புகளில் நூல் கனத்தில் சின்னச் சின்ன வெடிப்பு தெரியலாம். சிறுநீர் அதில் படும்போது சுரீர் என்று எரியும். வெள்ளைப்படுதல் தயிர் திரிந்த மாதிரி கட்டிகட்டியாக ஒட்டியிருக்கும், அல்லது மிகக் குறைவாகவே இருக்கும். கெட்ட வாடை இருக்காது. இந்த 'வாடை இல்லை' என்பது நல்ல அடையாளம். மீன் வாடை, அதுவும் உடலுறவுக்குப் பிறகு கூடுகிறது, வெள்ளை சாம்பல் நிறத்தில் தண்ணீராக வருகிறது என்றால் அது பெரும்பாலும் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற பாக்டீரியாத் தொல்லை. அதில் அரிப்பு முதன்மையாக இருப்பதில்லை. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். இவை இரண்டுக்கும் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் வகை மருந்து வேண்டும், அதையும் டாக்டர் பார்த்துத் தரவேண்டும். டிரைக்கோமோனாஸ் என்றால் கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை கட்டாயம். கேண்டிடாவுக்கு அப்படி வழக்கமாகத் தேவைப்படுவதில்லை.

இனி குளோட்ரிமசோல் மாத்திரை. கிளென்மார்க் கம்பெனியின் கேண்டிட் வி வரிசைதான் நம் ஊர்க் கடைகளில் அதிகம் கண்ணில் படுவது. வி6 என்றால் 100 மி.கி. மாத்திரை ஆறு, ஆறு இரவுக்கு. வி3 என்றால் 200 மி.கி. மூன்று. வி1 என்றால் 500 மி.கி. ஒன்றே ஒன்று. பெயரில் உள்ள எண் எத்தனை இரவு என்பதைச் சொல்கிறது, வீரியத்தை அல்ல. 'வி6 ஸ்ட்ராங், வி1 லைட்' என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் ஒரு மாத்திரையின் அளவைப் பார்த்தால் நேர் எதிர். மொத்த மருந்து 500 முதல் 600 மி.கி. வரை, மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒற்றை மாத்திரை போதுமா என்ற சந்தேகம் நியாயமானது. குளோட்ரிமசோல் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். வைத்த இடத்திலேயே தங்கி, பூஞ்சையைத் தடுக்கும் செறிவில் இரண்டு மூன்று நாள் நிற்கும். அதனால் சாதாரணத் தொற்றுக்கு ஒரு 500 போதும். இந்த வகை மருந்தை முறையாக முடித்தவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்குத் தொல்லை நீங்கிவிடுகிறது.

அப்படியானால் வி6 எதற்கு? வீக்கமும் வெடிப்பும் அதிகமாக உள்ளவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், அடிக்கடி திரும்ப வருபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு நாள் கணக்கு நீளமாக இருப்பதே சரி. அவர்களுக்கு ஏழு நாள், சிலருக்கு பதினான்கு நாள்கூட டாக்டர் எழுதுவார். மற்றபடி முதல் மூன்று இரவில் அரிப்பு அடங்கியதும் மீதி மூன்றை டப்பாவில் போட்டு வைக்கிற பழக்கம் உள்ளவர் என்றால், வி1 வாங்குவதே மேல். பாதியில் நிறுத்திய ஆறு மாத்திரையைவிட முழுசாக முடித்த ஒன்று நல்லது.

வைக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டப்பாவுக்குள் மாத்திரையை உள்ளே செலுத்த ஒரு பிளாஸ்டிக் அப்ளிகேட்டர் (தண்டுள்ள குழல்) இருக்கும். படுக்கப் போகும் நேரத்தில், சிறுநீர் கழித்து, கையைச் சோப்பால் கழுவிய பின் எடுங்கள். அப்ளிகேட்டரின் தண்டை நிற்கும் இடம்வரை பின்னுக்கு இழுத்து, வாய்ப்பகுதியில் மாத்திரையைச் செருகவேண்டும்; கூர்மையான முனை வெளியே பார்த்திருக்கட்டும். ஒரு நொடி சுத்தமான தண்ணீரில் மாத்திரையின் நுனியை நனைத்தால் வழுக்கிப் போகும். ஊறவிட்டால் அங்கேயே பொடிந்துவிடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, காலை அகட்டி, வலிக்காத அளவுக்கு உள்ளே செலுத்துங்கள். திசை நேர் மேலே அல்ல, முதுகின் அடிப்பகுதியை நோக்கிச் சாய்வாக. தண்டை மெதுவாக அழுத்தி, அப்படியே வெளியே எடுத்துவிட்டு எழுந்திருக்காமல் தூங்கவேண்டும். அப்ளிகேட்டரை வெதுவெதுப்பான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவிக் காயவைத்தால் அடுத்த இரவுக்கு ஆகும். கொதிநீரில் போட்டால் பிளாஸ்டிக் நெளிந்து தண்டு சிக்கும். கோர்ஸ் முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது.

மாத்திரை வாசலுக்கு அருகிலேயே நின்றுவிட்டால் நடக்கும்போது உறுத்தும், எரியும், பாதி வெளியே வந்துவிடும். காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் மாவு மாதிரி உள்ளாடையில் படுவது வேறு. அது மாத்திரையின் கரையாத பூச்சும் மாவும்தான், மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள் இல்லை. ஆனால் முழுத் துண்டாகவே வெளியே வருகிறது என்றால் உள்ளே ஈரம் போதவில்லை. மாத்திரை கரைய ஈரம் வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கும், பாலூட்டுகிறவர்களில் சிலருக்கும் வறட்சியால் இது நடக்கும். அவர்களுக்கு மாத்திரையைவிட அப்ளிகேட்டரோடு வரும் 2 சதவீத ஜெல் பொருத்தம்.

மாதவிலக்கு நாள்களில் வைத்தால் ரத்தத்தோடு கழுவிப் போய்விடும். தேதி நெருங்குகிறது என்றால் அது முடிந்த பிறகு தொடங்குங்கள். டாம்பான் (மாதவிலக்கில் உள்ளே வைக்கும் பஞ்சு) வைத்தால் மருந்தை அது உறிஞ்சிவிடும். அந்த நாள்களில் உடலுறவு வேண்டாம். ஆணுறையின் ரப்பரையும் இந்த மருந்துகள் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால் கருத்தடைக்கு அதை மட்டும் நம்பியிருப்பவர்கள் கவனமாக இருக்கவேண்டும். முதல் இரவில் லேசான எரிச்சல் பலருக்கு இருக்கும். வீக்கம் கூடி, தாங்கமுடியாத எரிச்சல் ஆனால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், நிறுத்திவிடுங்கள். அரிப்பு குறையத் தொடங்க இரண்டு மூன்று நாள் ஆகும், முழுதாக அடங்க ஒரு வாரம் வரை ஆகலாம். அதற்குள் இன்னொரு மருந்தை மேலே ஏற்றவேண்டாம். அந்த இரண்டு மூன்று நாளைக் கடத்த, சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் வெளியே வைத்து எடுங்கள். சொறிவதைவிட எவ்வளவோ தேவலை.

வெளியே மடிப்புகளிலும் அரிப்பு இருந்தால் அதே குளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீமைப் பட்டாணி அளவு எடுத்து, தினம் இரண்டு வேளை ஒரு வாரம் மெல்லிசாகத் தடவலாம். க்ரீம் மட்டும் போட்டால் உள்ளே இருக்கும் பூஞ்சை அப்படியே இருக்கும். அடுத்த மாதம் கதை மறுபடியும் தொடங்கும். வாங்கும்போது அட்டையில் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். 'கேண்டிட்' என்றால் குளோட்ரிமசோல் மட்டும். 'கேண்டிட் பி' என்றால் அதோடு பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்தது. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், அவசரத்தில் கடைக்காரர் கை மாறினாலும் தெரியாது. கேண்டிட் பவுடர் என்று ஒன்றும் உண்டு. அது தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ் போன்ற வியர்வை மடிப்புகளுக்கு. பிறப்புறுப்புக்கு உள்ளே பவுடர் எதுவும் போகக் கூடாது.

ஃப்ளூகோனசோல் 150 ஒரே மாத்திரை, வாயால் விழுங்குவது. ஃபோர்கான், ஜோகான் என்ற பெயர்களில் கிடைக்கிறது. பலன் குளோட்ரிமசோலுக்குச் சமம், கூடுதல் அல்ல. உள்ளே வைக்கத் தயங்குகிறவர்களுக்கும் திருமணமாகாத பெண்களுக்கும் இது வசதி என்பதை மறுக்கமுடியாது. ஆனால் இது உடல் முழுக்கப் போகிறது. டாக்டர் சீட்டோடு வாங்கவேண்டிய மருந்து. கர்ப்பம் இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ தொடவே வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து கூடும். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

வி-வாஷ் பிளஸ் பற்றித்தான் கேள்விகள் அதிகம், விளம்பரமும் அதிகம். லாக்டிக் ஆசிட், டீ ட்ரீ எண்ணெய், சீ பக்தார்ன் எண்ணெய் கலந்த அமிலத்தன்மையுள்ள திரவம், பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 3.5 என்று போட்டிருக்கிறது. யோனியின் இயல்பான பி.எச். 3.8 முதல் 4.5 வரை, அதைக் காப்பாற்றுகிறது என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேண்டிடா பூஞ்சை வளர்வதே அந்த இயல்பான அமிலச் சூழலில்தான். பூஞ்சைத் தொற்று உள்ள பெண்ணுக்கும் பி.எச். பெரும்பாலும் 4.5க்குள்ளேயே இருக்கும். ஆகவே அமிலத் திரவத்தால் கழுவிப் பூஞ்சையை விரட்டமுடியாது. மேலும் இது வெளியே மட்டும் கழுவுவதற்கானது. யோனிக்குள் இருக்கும் பி.எச்.சை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சோப்பு போட்டே தீருவேன் என்பவருக்குக் காரம் மிகுந்த சோப்பைவிட இது மிருதுவானது, அவ்வளவுதான் இதன் தகுதி. அரிப்பு இருக்கும் நேரத்தில் வெடிப்பில் பட்டால் வாசனைப் பொருளும் டீ ட்ரீயும் எரிச்சலைக் கூட்டவே செய்யும். வெறும் தண்ணீர் போதும். உள்ளே பீய்ச்சிக் கழுவுவது, பக்கெட் தண்ணீரில் கிருமிநாசினி லிக்விட் ஊற்றிக் கழுவுவது, வேப்பிலை கொதித்த நீரை உள்ளே விடுவது, பூண்டு வைப்பது எல்லாமே நல்ல லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவைக் குலைக்கும், அல்லது தோலைப் புண்ணாக்கும்.

சொல்லப்போனால், பலருக்கு அரிப்புக்குக் காரணமே இப்படிக் கழுவுவதுதான். வாசனை நாப்கின், தினமும் வைக்கும் பேன்டி லைனர், முடி நீக்கும் க்ரீம், சலவைப் பவுடர் சரியாக அலசாத உள்ளாடை என்று பட்டியல் நீளும். வீட்டில் ஆண்கள் பார்ப்பார்கள் என்று உள்ளாடையைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டு, ஈரம் முழுசாகப் போகாமலே எடுத்து உடுத்துவது நம் வீடுகளில் சகஜம். அதன்மேல் இறுக்கமான லெக்கிங்ஸ், சென்னை வெயில், எட்டு மணி நேர வேலை. வாடை இல்லாமல், வெள்ளைப்படுதலும் இல்லாமல், வெளித்தோலில் மட்டும் அரிப்பு என்றால் மருந்து வாங்கும் முன் பத்து நாள் இவற்றை எல்லாம் நிறுத்திப் பாருங்கள். பருத்தி உள்ளாடையை வெயிலில் காயப்போட்டு உடுத்துங்கள்.

அடுத்தது கலவை க்ரீம். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒன்றிரண்டு ஆன்டிபயாட்டிக் என்று மூன்று நாலு மருந்தை ஒரே டியூபில் அடைத்தது. போட்ட மறுநாளே அரிப்பு நின்றுவிடும், அதனால்தான் பேர் வாங்கிவிட்டது. நிற்பது அரிப்பு மட்டும். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தியை அடக்குவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. தொடை இடுக்கில் படர்தாமரை இருந்தால் அது வளையம் மாறி, அடையாளமே தெரியாமல் இடுப்புவரை ஏறிவிடும். வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிவந்து, க்ரீமை நிறுத்தினாலே எரியும் நிலைக்கு வரும். ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்பதை 2018இல் மத்திய அரசு கட்டுப்படுத்தியது. இருந்தும் கவுன்டரில் கைக்கு வருகிறது. டியூபின் பின்பக்கம் குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும், டாக்டர் எழுதாமல் வேண்டாம்.

டாக்டர் எழுதினால்? அப்போது அதற்குக் காரணம் இருக்கும். லைக்கன் ஸ்க்லரோசஸ் என்ற நோயில் தோல் வெளுத்து, காகிதம் போல் சுருங்கி, இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு அரிக்கும். மாதவிடாய் நின்ற பிறகு அதிகம் வரும். அதற்குக் குளோபெட்டசால் 0.05 சதவீத ஆயின்ட்மென்ட்தான் முதல் மருந்து. சிகிச்சை செய்யாமல் விட்டால் உதடுகள் ஒட்டிச் சுருங்கும், சிறு பங்கினருக்குப் புற்றுநோயாகவும் மாறலாம். ஆகவே வெள்ளைத் திட்டு, ஆறாத புண், கட்டி எதைக் கண்டாலும் கடைக்குப் போகாமல் மகப்பேறு டாக்டரிடமோ தோல் டாக்டரிடமோ நேரில் காட்டுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சியால் வரும் அரிப்பும் உண்டு. அதற்குப் பூஞ்சை மருந்தை எத்தனை கோர்ஸ் வைத்தாலும் கேட்காது. எஸ்ட்ரியால் க்ரீமை முதல் இரண்டு மூன்று வாரம் தினம் இரவு, பிறகு வாரம் இரண்டு முறை என்று டாக்டர் எழுதுவார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முன்பே சொல்லவேண்டும்.

கிளிண்டமைசினும் குளோட்ரிமசோலும் சேர்ந்த உள்வைப்பு கேப்சூலும் நிறைய எழுதப்படுகிறது. ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி) எடுத்துப் பார்க்க வசதி இல்லாத இடத்தில் பாக்டீரியா, பூஞ்சை இரண்டுக்கும் சேர்த்துத் தருவது. பூஞ்சை மட்டும்தான் என்று தெளிவாக இருக்கும்போது அதில் உள்ள ஆன்டிபயாட்டிக் வீண். ஆன்டிபயாட்டிக்கால் நல்ல பாக்டீரியா செத்த பிறகுதான் பலருக்குப் பூஞ்சையே வருகிறது. அதே நியாயம், அசித்ரோமைசின், செக்னிடசோல், ஃப்ளூகோனசோல் மூன்றையும் ஒரே அட்டையில் தரும் 'கிட்'டுக்கும் பொருந்தும். வெறும் அரிப்புக்கு அதை விழுங்கவேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் வெள்ளைப்படுதலுக்குத் தரும் பச்சை நிறக் கிட் 2இல் செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150ம் இருக்கும். ஆனால் அங்கே பரிசோதித்துக் கேள்வி கேட்டுத் தருகிறார்கள், இலவசமாகவும் தருகிறார்கள். கடைக்காரர் கணிப்பைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

திரும்பத் திரும்ப வருகிறவர்கள் முதலில் செய்யவேண்டியது சர்க்கரைப் பரிசோதனை. சர்க்கரை நோய் இருப்பதே இந்த அரிப்பால் தெரியவந்த பெண்கள் ஏராளம். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கணக்கு. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் அட்டையைப் பாருங்கள்: டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் இருக்கிறதா? இந்த வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அந்தச் சர்க்கரை பூஞ்சைக்குத் தீனி. டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் முடிந்த பிறகு பல கம்பெனிகள் தயாரிப்பதால் இப்போது மிகப் பரவலாக எழுதப்படுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து என்பதால் தானாக நிறுத்தவேண்டாம். அரிப்பு வருகிறது என்று சர்க்கரை டாக்டரிடம் சொல்லுங்கள். கூச்சத்தால் அவரிடம் சொல்லாமல் மாதாமாதம் வி6 வாங்குவதுதான் நடக்கிறது. சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து உலர்வாக வைத்தால் தொல்லை குறையலாம்.

கர்ப்பிணிகள் குளோட்ரிமசோலை டாக்டர் சொன்னபடி ஏழு நாள் வைக்கலாம், அப்ளிகேட்டருக்குப் பதில் சுத்தமான விரலால். வயதுக்கு வராத சிறுமிக்கு அரிப்பு என்றால் இந்த மாத்திரை எதுவும் வேண்டாம். அந்த வயதில் பூஞ்சைத் தொற்று அரிது. இரவில் மட்டும் ஆசனவாய்ப் பக்கம் அரிக்கிறது என்றால் பெரும்பாலும் கீரிப்பூச்சி, அதற்குக் குழந்தை டாக்டர் பூச்சி மருந்து தருவார், இரண்டு வாரம் கழித்து இன்னொரு டோஸும் தருவார்.

முதல் முறை வரும் அரிப்பு, காய்ச்சல் அல்லது அடிவயிற்று வலியோடு வருவது, புண், ரத்தக்கசிவு, ஆறு மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் திரும்புவது இவை எதையும் கடையில் தீர்க்கமுடியாது. கோர்ஸ் முடிந்து ஒரு வாரம் ஆகியும் அரிப்பு நிற்கவில்லை என்றால் அதே மருந்தை மறுபடி வாங்காமல் வஜைனல் ஸ்வாப் எடுக்கச் சொல்லுங்கள், நுண்ணோக்கிப் பரிசோதனையோடு பூஞ்சை கல்ச்சரும் (மாதிரியில் உள்ள பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சேர்த்து. கேண்டிடா கிளப்ராட்டா என்ற வகை ஃப்ளூகோனசோலுக்கு எளிதில் மசியாது, சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம். கல்ச்சர் இல்லாமல் அது தெரியவராது. ஸ்வாப் எடுக்கும் முன் சில நாளாவது உள்ளே மாத்திரையோ க்ரீமோ வைக்காமல் இருங்கள், அன்று காலை எதையும் போட்டுக் கழுவாதீர்கள். மருந்து ஒட்டியிருந்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரும். இதுவரை வாங்கிய அட்டைகளையும் டியூபையும் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.